ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த டிவி

(தருமபுரியில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி போன வாரம் கேட்டார். "எங்க வீட்டுக்கு மொதமொதல்ல டிவி வந்த கதையப் பேசறேன் தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் டிவி கதை சொல்கிறாரே என்று நினைத்திருப்பார். நான் பேசப் போவதும் சாதியைப் பற்றித்தான். பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

இங்கே இருக்கிற பலர் 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள். உங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் டிவி இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. என் சிறுவயதில் எங்கள் ஊரில் இருந்ததே ஒரு டிவிதான். ஊரில் என்று சொல்கிறேன், கவனியுங்கள். காலனியில் இல்லை. நடுவில் ஒரு ஏரிக்கரை. அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். டிவி இருந்தது கவுண்டர் வீட்டில். என் அம்மா அவர்கள் நிலத்தில் களை எடுக்கிறவர்.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடர் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு அப்போது எட்டு வயது. இந்தி யாருக்கும் தெரியாது. கவுண்டர் வீட்டில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவர் இருந்தார். அவர்தான் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தமிழில் சொல்லுவார். ஊர்ப் பிள்ளைகள் கூடத்தில் பாய் மேல் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் காலனிப் பிள்ளைகள் வெளியே, மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருக்கிற ஜன்னலில் நின்று பார்ப்போம். உயரம் பத்தாது. ஒருவன் குனிவான், இன்னொருவன் அவன் முதுகில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். நூறு எண்ணி முடித்ததும் ஆளை மாற்றுவோம். அந்த அண்ணன் சொல்லுகிற தமிழ் எங்கள் காதுக்கு எட்டாது. அதனால் நாங்களே ஒரு கதை கட்டிக்கொள்வோம். பத்துத் தலைக்காரன்தான் நல்லவன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம். பிற்பாடு பெரியாரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு நாள் மழை. நனைந்தபடி நின்றுகொண்டிருந்தோம். என்னோடு படிக்கிற பையன் ஒருவன் உள்ளே இருந்தான். அவன் எழுந்து வந்து, "உள்ள வாடா" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். நானும் ஒரு காலை வாசற்படியில் வைத்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி போட்ட சத்தத்தில் டிவி சத்தமே கேட்கவில்லை. என்னை அடிக்கவில்லை. அந்தப் பையனைத்தான் அடித்தார்கள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் தெளித்தார்கள். என்னோடு சேர்ந்து அவனும் அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் என்னை எங்கேயும் கூப்பிடவே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பெங்களூரிலிருந்து அப்பா வந்திருந்தார். அவர் அங்கே கட்டட வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவரிடம் அம்மா சொன்னதைப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து, 1990 பொங்கலுக்கு வந்தபோது ஒரு டிவியோடு வந்தார்.

பழைய சாலிடேர். கருப்பு வெள்ளை. மரப்பெட்டியில் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு வைத்தது. பெங்களூரில் அவர் வேலை செய்த இடத்தில் யாரோ கலர் டிவி வாங்கிவிட்டு இதை விலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கியிருக்கிறார். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

மெயின் ரோட்டில் இறங்கினால் ஊர்த் தெரு வழியாகத்தான் காலனிக்கு வர வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அப்பா அந்த வழியாக வரவில்லை. இருட்டும் வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு டிவியைக் கம்பளியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு மைல் நடந்து வந்தார். கூலி கொடுத்து வாங்கிய பொருளைத் திருட்டுப் பொருள் போல வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. தோழர்களே, இதைத்தான் சாதி என்கிறேன்.

பெட்டியை மறைத்துவிடலாம். ஆண்டெனாவை எப்படி மறைப்பது? மூங்கில் கழியில் கட்டி, கூரைக்கு மேலே நிறுத்தினால்தான் படம் வரும். காலையில் ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் அது தெரிந்தது. அன்றைக்குக் களை எடுக்கப் போன அம்மாவிடம் கவுண்டர் கேட்டாராம், "என்னடி, உன் ஊட்டுக்கு டிவி பொட்டி வந்திருக்காமே? அப்புறம் எதுக்குக் கூலிக்கு வர்ற?" அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அம்மாவுக்கு அந்த நிலத்தில் வேலை இல்லை. அதோடு நிற்கவில்லை. எங்கள் குடிசைக்கு இருந்தது ஒற்றை விளக்கு எரிக்கிற கரண்ட் இணைப்பு. அதில் டிவி ஓட்டுகிறார்கள் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். லைன்மேன் வந்து வயரைக் கழற்றிவிட்டுப் போனார்.

அப்பா விடவில்லை. ஒரு பழைய கார் பேட்டரி வாங்கினார். அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சார்ஜ் போட்டு வருவது என் வேலை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சினிமா. அதற்கு மட்டும்தான் பேட்டரி தாங்கும். சினிமாவில் கிளைமாக்ஸ் வரும்போது படம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்துவிடும். காலனியே எங்கள் வாசலில் உட்கார்ந்து "அய்யோ" என்று கத்தும். எத்தனையோ படங்களின் முடிவு எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதுவரைக்கும் சொன்ன கதை எங்களுக்குப் பெருமை தருகிற கதை. இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் போனால் நான் இங்கே நிற்பதற்கு அர்த்தம் இல்லை.

எங்கள் காலனிக்குக் கடைசியில் அருந்ததியர் வீடுகள் ஏழெட்டு இருந்தன. அங்கிருந்தும் பிள்ளைகள் டிவி பார்க்க வருவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டுக்குள் உட்காருவார்கள். அந்தப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே. யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே வெளியே உட்கார்ந்தார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. ஒரு நாள் ஒரு சின்னப் பெண், ஐந்து வயது இருக்கும், படம் சரியாகத் தெரியவில்லை என்று உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். என் ஆயா அவளை, "ஏ புள்ள, உன் எடத்துல போய் குந்து" என்றார். என் அம்மா அங்கேதான் இருந்தார். நானும் இருந்தேன். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை எழுந்து போய் வெளியே உட்கார்ந்து, தொடர்ந்து படம் பார்த்தாள். அழக்கூட இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கவுண்டர் வீட்டு ஜன்னலில் மூன்று வருடம் தொங்கியவன் நான். அந்த ஜன்னலை எங்கள் வீட்டிலேயே நாங்கள் கட்டி வைத்திருந்தோம். அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான் என்பது மட்டும் சாதி இல்லை. மிதிக்கப்படுகிறவனுக்கும் மிதிக்க ஒரு ஆளைக் கொடுத்து வைத்திருப்பதுதான் சாதி. 2009-இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் ஆட்களில் சிலர், "நமக்குள்ளேயே பிரிக்கிறான்" என்றார்கள். நான் அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். சட்டம் வந்து எங்களைப் பிரிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசற்படி ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது.

சரி, காலம் ஓடியது. 2006-இல் கலைஞர் ஆட்சியில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கினார்கள். 14 அங்குல டிவி. எங்கள் காலனியில் எல்லா வீட்டுக்கும் வந்தது. அருந்ததியர் வீடுகளுக்கும் வந்தது. ஊருக்குள்ளும் வந்தது. ஒரே பெட்டி. ஓட்டுக் கணக்கு, கேபிள் வியாபாரம் என்று அந்தத் திட்டத்தின் மேல் விமர்சனங்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் "இலவசம் மக்களைச் சோம்பேறி ஆக்குகிறது" என்று சொல்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். நீங்கள் யார் வீட்டு ஜன்னலிலாவது நின்று டிவி பார்த்திருக்கிறீர்களா? அந்த டிவி வந்த பிறகு எங்கள் பகுதியில் எந்தப் பிள்ளையும் அடுத்தவர் வாசலில் நிற்கவில்லை.

இப்போது 2012-க்கு வருகிறேன். நவம்பர் 7. நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள். சாதி மறுத்து நடந்த ஒரு திருமணம், பெண்ணின் தந்தையின் மரணம், அதைத் தொடர்ந்து நடந்த வெறியாட்டம். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சில நாள் கழித்து நண்பர்களோடு அங்கே போனேன். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடியவர்கள் திரும்பி வந்து சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். உடைத்த பீரோ. எரிந்த பைக். பிள்ளைகளின் சர்டிபிகேட். ஒரு வீட்டில் டிவி, பிளாஸ்டிக் உருகி, மெழுகு போல வழிந்து நின்றது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பெங்களூர்ல செங்கல் தூக்கிச் சேத்ததுப்பா" என்றார். எனக்குக் கம்பளியில் சுற்றிய பெட்டியோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பாதான் கண்ணில் தெரிந்தார்.

ஒரு காதலின் மேல் கோபம் என்றால், பீரோவும் டிவியும் என்ன செய்தன? அண்ணல் 1936-லேயே இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார். 'சாதி ஒழிப்பு' நூலை எடுத்துப் பாருங்கள். குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்து ஜானு என்ற ஊரில், வசதியுள்ள தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள் என்பதற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாராவில், விருந்தில் நெய் பரிமாறினார்கள் என்பதற்காகத் தாக்கப்பட்டார்கள். தங்கள் சொந்தக் காசில் வாங்கிய நெய். அன்றைக்கு உலோகக் குடம், நெய். நத்தத்தில் பைக், பீரோ, டிவி. பெயர்தான் மாறியிருக்கிறது. இவன் கூலிக்கு வராமலும் வாழ முடியும் என்று காட்டுகிற எந்தப் பொருளும் அவர்கள் கண்ணை உறுத்தும். "அப்புறம் எதுக்குக் கூலிக்கு வர்ற?" என்று என் அம்மாவைக் கேட்ட அதே கேள்வியைத்தான் 2012-இல் தீ வைத்துக் கேட்டார்கள்.

இன்னொன்று. 2013 ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தருமபுரி ரயில் தண்டவாளத்தின் அருகே கிடந்தது. மறுநாள், ஜூலை 5. அன்றுதான் இலவச டிவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. அடுத்தடுத்த இரண்டு நாட்கள். டிவியை அரசு கொடுக்கலாமா என்று இந்த நாடு டெல்லி வரைக்கும் போய் வாதாடியது. அந்த டிவியை வைத்துக்கொண்டு ஒரு காலனி நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதை அதே அளவு அக்கறையோடு கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பொருள் வந்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பொருள் வந்தது, அதோடு நாங்கள் இன்னொருவரை வெளியே உட்கார வைத்தோம். பொருள் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அப்பா அந்தப் பெட்டியைத் தூக்கி வராவிட்டால், நான் இன்னும் அந்தக் கம்பியையே பிடித்துக்கொண்டிருப்பேன். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். நம் வீட்டுக்கு வர வேண்டியது வர வேண்டும். நம் வாசற்படியில் தண்ணீர் தெளிக்கிற புத்தி போக வேண்டும்.

அந்தச் சின்னப் பெண் இப்போது எங்கள் ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறார். போன வருடம் அவரைப் பார்த்துப் பழைய கதையைச் சொல்லி, "மன்னிச்சிடும்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவா அண்ணா, எனக்கு அந்தப் படத்தோட முடிவுதான் ஞாபகம் இல்ல. பேட்டரி தீந்துபோச்சு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போய் உங்கள் ஆயாவிடமோ அப்பாவிடமோ, முதல் டிவியை எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். உள்ளேயா, வெளியேயா என்று கேளுங்கள். உள்ளே என்று சொன்னால், வெளியே யார் நின்றார்கள் என்றும் கேளுங்கள்.