மழைக்காலத்துக் காலிக் கோட்டை

வைகாசி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும், இலங்கையின் தென்கரையிலுள்ள காலி நகரம் தன் கோலத்தை மாற்றிக்கொள்கிறது. மார்கழி முதல் பங்குனி வரை அங்கே நிறைந்திருந்த உல்லாசப் பிரயாணிகள் அருகிவிடுகின்றனர். விடுதிகளிற் பல அறைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. இக்காலத்தில் அங்கே செல்வது வீண் செலவென்று கருதுவோர் பலர். ஆயினும், காலிக் கோட்டையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள விரும்பும் நேயர்களுக்கு மழைக்காலத்தைப் போன்ற நல்லாசிரியன் வேறில்லை.

காலிக்குக் கப்பல்களைக் கொண்டுவந்தது காற்றே. சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை கொணர்ந்த 1409ஆம் ஆண்டுக் கற்சாசனம் 1911இல் இந்நகரிலே கண்டெடுக்கப்பட்டது. ஒரு மதகின் மூடியாகக் கிடந்த அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் தமிழ்ப்பகுதி தேவேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

போர்த்துக்கேயரின் அரணை 1640இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் அம்முனை முழுவதையும் மதிலால் வளைத்தனர். அவர்களுடைய கும்பனியின் இலச்சினை, 1669 என்னும் ஆண்டுடன், பழைய வாயிலின் உட்புறத்தில் இன்றும் காணப்படுகிறது. வெயிற் காலத்தில் அம்மதில் மாலையில் உலாவுவதற்கேற்ற இடமாக மட்டுமே தோன்றும். ஆடி மாதத்து அலைகள் அடிவாரத்தில் மோதிச் சிதறும்போதுதான் அதன் வலிமை புலப்படும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்து, வெளியே பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் அழித்தபொழுது, கோட்டையின் உட்பகுதி பெரும்பாலும் தப்பியது. பகைவரைத் தடுக்க எழுந்த மதில் கடலையும் தடுத்தது.

கப்பல்களைக் கொணர்ந்த காற்றே துறைமுகத்தின் வீழ்ச்சிக்கும் ஒரு காரணமாயிற்று. பாறைகள் நிறைந்த காலித் துறை பருவக்காற்றுக் காலத்தில் நீராவிக் கப்பல்களுக்கு ஆபத்தாக இருந்தது. கொழும்பில் 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்பு 1885இல் நிறைவுற்றது. கப்பல்கள் அங்கே சென்றன. ஆனால், வளர்ந்த கொழும்பு 1869 முதலே தன் கோட்டை மதில்களை இடிக்கலாயிற்று. தளர்ந்த காலிக்கு அவற்றை இடிக்கும் தேவை எழவில்லை. அவ்வாறு எஞ்சிய கோட்டையே 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

மழைக்காலம் காட்டும் இன்னொன்றும் உண்டு. குடைபிடித்துப் பாடசாலை செல்லும் பிள்ளைகள், பள்ளிவாசலுக்கு விரையும் முதியோர், திண்ணையிலிருந்து மழையைப் பார்க்கும் குடும்பங்கள் என, கூட்டத்தில் மறைந்திருந்த ஊர் வெளிப்படுகிறது. ஆனால் பழைய வீடுகள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. பிரயாணிகளை நம்பிய வழிகாட்டிக்கும் முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் இம்மாதங்கள் கைமுடைக் காலம். குடிகளும் அகன்றுவிடின், மழைக்காலத்திற் கோட்டையினுள் பூட்டிய கதவுகளே எஞ்சும்.

ஆதலால், காலியைக் காண விரும்புவோர் ஒருமுறையேனும் ஆடியிலோ ஆவணியிலோ செல்லுதல் நன்று. கடலில் இறங்குதல் அப்போது ஆகாது. மதிலோரம் நடந்து, ஊரவர் கடையிலே தேநீர் அருந்தி, அவர்களோடு உரையாடித் திரும்புவோர், கற்களோடு அக்கற்களைக் காத்து வாழும் மக்களையும் அறிந்தவராவர்.