கைக்கடங்காத கைத்துப்பாக்கி

குருவியின் தலையிற் பனங்காயை வைத்தாற்போல் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. தாங்குவோரின் வலிமையை நோக்காது சுமையை ஏற்றும் கொடுமையைக் குறித்து எழுந்தது அது. ஆயினும், குருவி தானே விரும்பிப் பனங்காயைத் தேடிச் சென்று தலைமேல் ஏற்றிக்கொள்ளும் விந்தையும் உலகில் உண்டு. போர்வீரனும் பெருவேட்டைக்காரனும் தோளில் அணைத்துச் சுடுவதற்கென வகுக்கப்பட்ட பெருந் தோட்டாவை, கையில் ஏந்தும் றிவோல்வரில் இட்டுச் சுட விழையும் மனிதரின் ஆசை அத்தகையதே. இத்தகைய றிவோல்வர்கள் கற்பனைப் பொருள்களல்ல. அமெரிக்காவிலும் ஆஸ்திரியாவிலும் அவை செய்யப்பட்டுள்ளன. பெரும் விலை கொடுத்து அவற்றை வாங்குவோரும் உளர். அவை எத்தேவையிலிருந்து பிறந்தன, தேவை மறைந்த பின்னரும் மனிதரை ஈர்ப்பது யாது என்பன சிந்திக்கத்தக்க வினாக்களாம்.

றிவோல்வர் என்னும் சுழல் துப்பாக்கியின் நடுவே ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளையொன்று உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா இருக்கும். ஒரு வெடி தீர்ந்ததும் உருளை சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். இவ்வமைப்பிற்கு 1836 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமை பெற்ற சாமுவேல் கோல்ற் என்பவர், முதலிற் செய்த துப்பாக்கிகள் சிறியன. அவருடைய தொழிலும் சில ஆண்டுகளில் நொடித்துப் போயிற்று. அவரை மீண்டும் எழச் செய்தவர் டெக்சாஸ் பகுதியின் குதிரைப் படையைச் சேர்ந்த கப்டன் சாமுவேல் வோக்கர் ஆவார். அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் போர் நடந்த காலம் அது. குதிரைமேல் விரையும் வீரனுக்கு, பகைவனை மட்டுமன்றி அவனுடைய குதிரையையும் வீழ்த்தவல்ல ஆறு வெடித் துப்பாக்கி வேண்டுமென வோக்கர் கருதினார். அதன் பயனாக 1847 இல் பிறந்த வோக்கர் றிவோல்வர், நாலரை இறாத்தலுக்கும் சற்று மிகுந்த நிறையுடையது. ஓர் அறையில் 60 கிரெயின் வரை கருமருந்தை இடலாம். அக்காலத்து நீண்ட துப்பாக்கிகள் சிலவற்றுக்குப் போதுமான அளவு அது.

இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அத்துப்பாக்கியை வீரன் தன் இடையிற் சுமக்கவில்லை. சேணத்திலே தொங்கிய உறையில் வைத்துக் குதிரையே சுமந்தது. இரண்டாவது, அறை நிறைய மருந்திட்டுச் சுட்டபோது சில துப்பாக்கிகளின் உருளைகள் வெடித்துச் சிதறின. அடுத்த ஆண்டிலேயே கோல்ற் உருளையைக் குறுக்கி, மருந்தின் அளவையும் குறைத்து, இலகுவான வேறொரு வகையைச் செய்தார். பெருமையின் எல்லையைத் தொட்டவுடனே, அனுபவம் அதனைப் பின்னுக்கு இழுத்தது.

இந்தியக் காடுகளிலும் இத்தகைய தேவையொன்று எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேய அதிகாரிகளும் சமஸ்தான மன்னர்களும் யானைமீது அம்பாரியில் அமர்ந்து புலிவேட்டை ஆடினர். காயமுற்ற புலி யானையின் மத்தகத்தின்மேற் பாய்ந்து ஏறினால், நீண்ட துப்பாக்கியைத் திருப்புவதற்கு இடமுமில்லை, நேரமுமில்லை. அவ்வேளைக்கென இரட்டைக் குழல் கொண்ட பருத்த கைத்துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அம்பாரிக் கைத்துப்பாக்கி என்பதே அவற்றுக்கு வழங்கிய பெயர். அவற்றுட் சில, படைவீரரின் ஸ்னைடர் துப்பாக்கிக்குரிய .577 அங்குலத் தோட்டாவையே ஏற்றன. அவற்றைச் சுடுபவனின் மணிக்கட்டு நொந்திருக்கும். ஆயினும், புலியின் நகத்தோடு ஒப்பிடுகையில் அந்நோவு சிறிதன்றோ! ஒரு முறையோ இரு முறையோ, மூன்று முழத் தொலைவிலே சுடுவதற்கென்று செய்யப்பட்ட உயிர்காப்புக் கருவி அது.

குதிரைப் படைகளும் மறைந்தன. அம்பாரி வேட்டைகளும் ஒழிந்தன. எனினும் பெருந் துப்பாக்கியின் மோகம் ஒழியவில்லை. அமெரிக்காவில் சிமித் அன்ட் வெசன் கொம்பனி 1935 இல் .357 மக்னம் என்னும் தோட்டாவை வெளியிட்டது. ஐடஹோ மாநிலத்து மாட்டுப் பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத் என்பவரின் இடையறாத முயற்சியினால் 1955-56 இல் .44 மக்னம் தோன்றியது. 1971 இல் வெளிவந்த டேர்ட்டி ஹரி என்னும் திரைப்படத்தில், கிளின்ற் ஈஸ்ற்வுட் நடித்த பொலிஸ்காரர் அதனைக் கையில் ஏந்தித் தோன்றவே, அதுவரை வேட்டைக்காரர் சிலரே அறிந்திருந்த அத்துப்பாக்கியைக் கடைகளிற் பலர் தேடலாயினர். வாங்கியோரில் எத்தனை பேருக்குக் கரடியோ மானோ எதிர்ப்படப் போகின்றது? திரையிற் கண்ட உறுதியைக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆவலே அவர்களைத் தூண்டியது.

கைத்துப்பாக்கிக்கென வகுத்த தோட்டாக்களின் எல்லையை எட்டியபின், அடுத்த அடி எங்கே வைக்கப்படும்? நீண்ட துப்பாக்கியின் தோட்டாவையே கைத்துப்பாக்கியில் இடுவதே எஞ்சிய வழி. 1970களில் இந்தியானா மாநிலத்தில், வெண்கலச் சட்டகத்தோடு கூடிய றிவோல்வரொன்று .45-70 என்னும் தோட்டாவுக்கென்று செய்யப்பட்டது. பின்னர் 1999 முதல் மின்னசோற்றா மாநிலத்து மக்னம் றிசேர்ச் கொம்பனி, பி. எப். ஆர். என்னும் பெயரில் அத்தகையவற்றைச் செய்து வருகின்றது. மிகப் பெரியதும் மிகச் சிறந்ததுமான றிவோல்வர் என்பதே அம்மூன்று எழுத்துகளின் விரிவு.

.45-70 என்னும் தோட்டாவின் வரலாற்றை அறிந்தார்க்கு இதன் விந்தை தெளிவாகும். 1873 இல் அமெரிக்கப் படை தன் காலாள் வீரருக்கென ஏற்ற தோட்டா அது. விட்டம் .45 அங்குலம், கருமருந்து 70 கிரெயின், ஈய ரவையின் நிறை ஏறத்தாழ 26 கிராம். அதனைச் சுட்ட ஸ்பிறிங்பீல்ட் துப்பாக்கி ஒன்பது இறாத்தல் அளவு நிறையும், முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட குழலும் உடையது. குதிரைப் படையினருக்கென அதே துப்பாக்கியைக் குறுக்கி, ஏழு இறாத்தல் அளவினதாகச் செய்தபோது அதன் உதைப்பு மிகுந்தது. ஆகவே படை அதிகாரிகள் குதிரை வீரருக்குரிய தோட்டாவில் மருந்தை 55 கிரெயினாகக் குறைத்தனர். ஏழு இறாத்தல் நிறையோடு தோளில் அணைத்த துப்பாக்கிக்கே மிகையெனக் கருதப்பட்ட அவ்வாற்றலை, இன்றைய ஆர்வலர் நாலரை இறாத்தல் அளவினதான றிவோல்வரில் இட்டு, நீட்டிய கைகளினால் தாங்கிக்கொள்ள முற்படுகின்றனர்.

உதைப்பு என்பது நியூற்றன் கூறிய எதிர்த்தாக்கமேயாகும். ரவை முன்னோக்கிப் பாயும்பொழுது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படும். அதே ரவை அதே வேகத்தில் வெளியேறுமாயின், துப்பாக்கியின் நிறை பாதியாகும்போது அது பின்னோக்கும் வேகம் இரு மடங்காகும். நீண்ட துப்பாக்கியில் அவ்வேகத்தைத் தோளும் உடலும் பகிர்ந்து ஏற்கின்றன. கைத்துப்பாக்கியிலோ உள்ளங்கையும் மணிக்கட்டுமே ஏற்கவேண்டும். குழல் கைக்கு மேலே அமைந்திருப்பதால், துப்பாக்கி பின்னோக்குவதோடு நில்லாது மேல்நோக்கியும் துள்ளும்.

இத்துணை வருத்தத்திற்கும் ஈடான பயன் கிடைக்கின்றதா எனின், அதுவும் முழுமையாக இல்லை. மெதுவாக எரியும் பெருமருந்தின் வாயு, நீண்ட குழலின் ஊடே ரவையைத் தள்ளிச் செல்வதனாலேயே முழு வேகம் உண்டாகின்றது. பத்து அங்குலக் குழலில் அதற்கு இடமில்லை. ஆற்றலின் ஒரு பகுதி குழல்வாய்க்கு வெளியே பெருஞ் சுவாலையாகவும் முழக்கமாகவும் கழிந்துபோம். உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியினூடாகவும் கொதிவாயு பீறிடும்; அங்கே விரலை வைத்தால் அது அறுபடவுங்கூடும். ஆயினும் அச்சுவாலையும் முழக்கமுமே ஆர்வலரின் உள்ளத்தைக் கவர்வன. பொறியியலாளர் வீண் என ஒதுக்குவதை, வேடிக்கை பார்ப்போர் விருந்தாகக் கொள்கின்றனர்.

2003 இல் சிமித் அன்ட் வெசன் கொம்பனியார் .500 மக்னம் என்னும் றிவோல்வரை வெளியிட்டனர். ஐந்து அறைகள், நீண்ட குழலோடு கூடிய வகையின் நிறை ஏறத்தாழ நாலரை இறாத்தல். வோக்கர் றிவோல்வரின் நிறையும் அதுவே. ஆனால் சுமந்து செல்லும் குதிரைதான் இல்லை. அரை அங்குலத்திற்கு மேற்பட்ட குழல்வாய் உடைய துப்பாக்கிகளை, வேட்டைக்குரிய சிலவற்றை நீக்கி, அமெரிக்கச் சட்டம் 1968 முதல் தனியாகக் கட்டுப்படுத்தி வருகின்றது. சரியாக அவ்வெல்லைக் கோட்டிலேயே .500 நிற்கின்றது. ஆஸ்திரியாவின் பைபர் செலிஸ்கா என்னும் றிவோல்வரோ அதனையுந் தாண்டியது. லண்டனைச் சேர்ந்த ஜெபரி கொம்பனியார் யானைவேட்டைக்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த .600 நைத்திரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை அது ஏற்கும். அதன் ரவை மட்டுமே இரண்டு அவுன்சுக்கு மேற்பட்டது. துப்பாக்கியின் நீளம் 55 சென்ரிமீற்றர். நிறை 6 கிலோகிராம். கைத்துப்பாக்கியெனப் பெயர் பெற்ற அதனைக் கையில் நீட்டிப் பிடிப்பதே ஒரு தேகப்பயிற்சி.

இவற்றின்பால் ஈர்க்கப்படுவோர் அனைவரையும் மூடரென ஒதுக்குதல் நீதியன்று. கைத்துப்பாக்கியோடு காட்டுக்குச் செல்லும் வேட்டைக்காரன், விலங்கை மிக அண்மையில் அணுகவேண்டும். அதற்குப் பொறுமையும் திறமையும் வேண்டும். ஒரே வெடியில் விலங்கு வருந்தாது வீழ்வதற்குப் பருத்த ரவை உதவும். பெருங் கரடிகள் உலவும் அலாஸ்காவில் மீன்பிடிக்கச் செல்வோர்க்கு அது காவலாகவும் அமையும். உருக்கின் வலிமையையும் கைவினையின் நுட்பத்தையும் போற்றுவோரும் உளர். வோக்கரின் காலத்தில் வெடித்துச் சிதறிய உருளை, இன்று பன்மடங்கு அழுத்தத்தைத் தாங்கி நிற்பது மனித அறிவின் வெற்றியே. ஆயினும், இவற்றையெல்லாம் விஞ்சிய காரணமொன்று உண்டு. தனக்கு மிஞ்சியதொன்றைத் தான் அடக்கினேன் என்னும் பெருமிதமே அது. ஏறுதழுவும் இளைஞனும் மலைச்சிகரம் ஏறுவோனும் தேடும் அதே பெருமிதத்தை, சுடுவோன் ஒரு கணப்பொழுதில் அடைய விழைகின்றான்.

இப்பெருமிதத்தின் உண்மை நிறையை அறிந்தவர்களுள் ஒருவர், இலங்கையோடு தொடர்புடைய சாமுவேல் பேக்கர். நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை வாழ்ந்து, யானைவேட்டையாற் பெயர்பெற்ற அவர், பின்னர் 1861 இல் தொடங்கிய தம் நைல் நதிப் பயணத்தின்போது, அரை இறாத்தல் நிறையுள்ள வெடிகுண்டைச் சுடும் பெருந் துப்பாக்கியொன்றைக் கொண்டு சென்றார். அதற்கு அவர் இட்ட செல்லப்பெயர் குழந்தை என்பது. இருபது இறாத்தல் நிறையுள்ள அத்துப்பாக்கி, சுடுந்தோறும் பருமனான அவரையே சுழற்றிவிட்டது. பல ஆண்டுகளில் அவர் அதனைச் சுட்டது ஏறத்தாழ இருபது முறையே. அதனைப் பயன்படுத்த அஞ்சியதாக அவரே எழுதிவைத்தார். வேட்டையே வாழ்வாகக் கொண்டவர் தயங்காது ஒப்புக்கொண்ட அச்சம் அது.

இன்றைய பேரளவு றிவோல்வர்களின் கதியும் பெரிதும் அதுவே. வாங்கிய ஆர்வத்தில் சில முறை சுட்டபின், மருந்து குறைந்த மென்மையான தோட்டாக்களை நாடுவோர் பலர். அதனினும் கருதத்தக்கது ஆபத்து. பழக்கமில்லாதவர் சுடும்போது, துப்பாக்கி மேல்நோக்கித் துள்ளுகையில் இறுகப் பற்றிய விரல் தன்னையறியாமலே விசையை மீண்டும் இழுத்துவிடும். அப்பொழுது குழலின் வாய் இலக்கை நோக்கியிராது. சுடுபவரின் தலையையே நோக்கியிருக்கக்கூடும். வேடிக்கையாகத் தொடங்கியது இவ்வாறு உயிரிழப்பில் முடிந்ததும் உண்டு. அதனாலேயே, புதியவர் கையில் இத்துப்பாக்கியைக் கொடுக்கும்போது உருளையில் ஒரேயொரு தோட்டாவை மட்டும் இடவேண்டுமென அறிந்தோர் கூறுவர். ஐந்து அறைகளில் நான்கை வெறுமையாக விடுவதே அங்கு அறிவுடைமை.

வோக்கரின் துப்பாக்கிக்குக் குதிரையும், அம்பாரித் துப்பாக்கிக்குப் புலியும் அளவுகோலாக இருந்தன. தேவை முடிந்த இடத்தில் கருவி வளர்வதை நிறுத்தியது. வியப்பை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு செய்யும் கருவிக்கு அத்தகைய எல்லை இல்லை. அடுத்த ஆண்டில் அதனினும் பெரியதொன்று தோன்றும். வியப்பது குற்றமன்று. ஆயினும், வியப்புக்காக வாங்கிய துப்பாக்கியும் மெய்யான துப்பாக்கியே என்பதையும், தன் மணிக்கட்டின் வலிமை எவ்வளவு என்பதையும், அதனைக் கையில் எடுப்பவன் விசையைத் தொடுமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.