ரைஃபிளை நீட்டினா எல்.எம்.ஜி ஆயிடுமா?

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் ஐ.டி.ஐ முடிச்ச பசங்க அப்ரண்டிஸுக்கு மனு போடுற இடங்கள்ல திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒண்ணு. 1966-ல ஆரம்பிச்சது. இஷாப்பூர், கான்பூரோட சேர்ந்து நம்ம ராணுவத்தோட இன்சாஸ் துப்பாக்கிகளைச் செஞ்ச ஆலை. அந்த இன்சாஸ் ரைஃபிள்லேருந்து பிறந்த எல்.எம்.ஜி-தான் இன்னைக்குக் கதை.

எல்.எம்.ஜி-யோட (லைட் மெஷின் கன்) வேலை, எதிரியைத் தலைதூக்க விடாம சுட்டுக்கிட்டே இருக்கிறது. நம்ம ராணுவத்துல பல காலம் அதைப் பார்த்தது பிரென். மேகசின் துப்பாக்கிக்கு மேல நிக்கும். குழல் சூடாச்சா? கைப்பிடியைப் பிடிச்சுக் கழட்டி, உபரிக் குழலைச் சில வினாடியில மாட்டிடலாம்.

சோவியத்காரங்க வேற கணக்குப் போட்டாங்க. கலாஷ்னிகோவ் குடும்பத்து ஏ.கே.எம் ரைஃபிளை எடுத்து, 415 மி.மீ. குழலை 590 ஆக்கி, தடிமனாக்கி, முன்னாடி ரெண்டு கால் வெச்சாங்க. 1961-ல வந்த அதுக்குப் பேரு ஆர்.பி.கே. பயிற்சி ஒண்ணு, தோட்டா ஒண்ணு, உதிரிபாகமும் பெரும்பாலும் ஒண்ணு. பக்கத்துல இருக்கிற ரைஃபிள்காரர் தன் மேகசினையே தூக்கிக் கொடுக்கலாம். ராணுவக் கணக்குப்பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்!

1980-கள்ல புனேவுல இன்சாஸை வடிவமைச்சவங்களும் இதே வழியில போனாங்க. உள்ளே கலாஷ்னிகோவ் பாணி பிஸ்டன், சுழலுற போல்ட். ரைஃபிளுக்கு 20 தோட்டா மேகசின், விசையை ஒரு தடவை அழுத்தினா மூணு குண்டு. எல்.எம்.ஜி-க்கு 30 தோட்டா, நீளமான கனத்த குழல், விசையை விடுற வரைக்கும் சுடும்.

சிக்கல் இங்கதான். நிமிஷத்துக்கு 600 வேகத்துல 30 தோட்டா மூணே வினாடியில காலி. மேகசினை அடிக்கடி மாத்தி மாத்திச் சுட்டா குழல் கொதிக்கும். தண்ணி ஓட்டம் நின்ன டீசல் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? பிரென் மாதிரி சட்டுனு குழல் மாத்துற வசதி இதுல இல்ல. பத்தாததுக்கு, 1999 கார்கில் குளிர்ல இன்சாஸோட பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதா புகார் வேற.

என்னைக் கேட்டா, ரைஃபிளா இன்சாஸைத் திட்டினது கொஞ்சம் அதிகம். எல்.எம்.ஜி-யா அது எப்பவுமே அரை ஆள்தான். அந்த இடத்துக்குத்தான் 2020 மார்ச்ல பாதுகாப்பு அமைச்சகம் இஸ்ரேல்லேருந்து தோட்டா பெல்ட்ல ஓடுற 16,479 நெகெவ் எல்.எம்.ஜி-களை 880 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு.

உங்க வீட்ல பிரென், இன்சாஸ் ரெண்டையும் தூக்கின முன்னாள் ராணுவத்துக்காரர் இருந்தா, எது தேவலைன்னு கேட்டு கமெண்ட்ல போடுங்க.