ஏழு குள்ளர்களும் சிரிக்காத அப்பாவும்



இன்றைக்கு ஒரு படத்தைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். தமிழ்ப் படம் அல்ல, டொச் படம். 2004ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசியில் ஜேர்மனியின் திரையரங்குகளுக்கு வந்தது. 'சீபன் ஸ்வேர்க', அதாவது 'ஏழு குள்ளர்கள்' என்பது அதன் பெயர். 'காட்டில் தனியே ஆண்கள்' என்று ஒரு துணைத் தலைப்பும் உண்டு. அந்த வருடங்களில் உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனவர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் இந்தப் பெயர் அடிபட்டிருக்கும்.

படத்தை இயக்கியவர் ஸ்வென் உன்டர்வால்ட். முக்கிய நடிகர் ஒட்டோ வால்கஸ். எம்டன் நகரில் பிறந்த ஒட்டோவைத் தெரியாத ஜேர்மனியர் இல்லை என்றே சொல்லலாம். எங்கள் ஊரில் நாகேஷ் என்றதும் முகம் மலர்வது போல, இங்கே ஒட்டோ என்றதும் மலரும். கதை இதுதான். பெண்களால் மனம் நொந்துபோன ஏழு ஆண்கள், இனிப் பெண்களே வேண்டாம் என்று காட்டுக்குள் குடியிருக்கிறார்கள். உயரத்தில் அவர்கள் குள்ளர்களே அல்ல. கெட்ட அரசியிடமிருந்து தப்பி ஓடிவரும் ஸ்னேவிற்ஷன் அவர்களிடம் அடைக்கலம் கேட்கிறாள். பிறகு ஒரே கூத்துத்தான்.

படம் வந்தபோது விமர்சகர்களில் பலர் அதை வரவேற்கவில்லை. கதை மெலிந்தது, துணுக்குப் பகிடிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் சொல்விளையாட்டு என்பது அவர்களுடைய முறைப்பாடு. ஆனால் திரையரங்குக்குப் போய்ப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 68 இலட்சம் பேர். 2006இல் இரண்டாம் பாகமும், 2014இல் உயிரூட்டப் படமாக மூன்றாவதும் வந்தன.

இப்படி நடக்கும்போது நாங்கள் வழமையாக இரண்டு விதமாகச் சொல்வோம். ஒன்று, விமர்சகருக்குச் சிரிக்கத் தெரியாது. மற்றது, சனங்களுக்கு இரசனை இல்லை. இரண்டும் எனக்குப் போதவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டில் நடந்த ஒரு சின்ன விடயம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 12 வயது மகனையும் 9 வயது மகளையும் கூட்டிக்கொண்டு இந்தப் படத்துக்குப் போனேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் பிள்ளைகள் கதிரையில் இருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேன். டொச் தெரியாமல் அல்ல. அப்போது நான் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடம். வேலை இடத்தில், அலுவலகங்களில் எல்லாம் சமாளிக்கிறவன். வசனங்கள் விளங்கின. பகிடி விளங்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் மகளிடம் கேட்டேன்: "அதில என்னம்மா பகிடி?" அவள் சொல்லத் தொடங்கினாள். இடையில் நிறுத்தி, "அப்பா, அது உங்களுக்கு விளங்காது. விடுங்கோ" என்றாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. இரக்கத்தோடு சொன்னாள். அதுதான் எனக்குக் கூட நொந்தது.

அடுத்த கிழமை நகர நூலகத்துக்குப் போய் கிறிம் சகோதரர்களின் கதைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஜேர்மன் பிள்ளைகள் கிண்டர்கார்டன் போகும் முன்பே கேட்டுவிடும் கதைகளை நான் என் நாற்பதாவது வயதில் வாசித்தேன். பிறகு தேடித்தேடி இன்னும் கொஞ்சம் அறிந்தேன். யாக்கோப் கிறிம், வில்ஹெல்ம் கிறிம் என்ற இரண்டு சகோதரர்களும் காசல் நகரில் வாழ்ந்த காலத்தில், 1812இல் அந்தத் தொகுப்பின் முதல் பாகம் வெளிவந்தது. முதற் பதிப்பில் ஸ்னேவிற்ஷனைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாய். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவள் சிற்றன்னையாக மாற்றப்பட்டாள். கதையில் குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது. எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் 1937இல் வால்ட் டிஸ்னி படத்தோடு பரவியவை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படம் வேறு மாதிரித் தெரிந்தது. கெட்ட அரசியாக நடித்தவர் பாடகி நீனா ஹாகன். கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்து, 1976இல் மேற்குக்கு வந்து, அடங்காத பாட்டுக்காரி என்று பெயர் எடுத்தவர். ஸ்னேவிற்ஷனாக நடித்தவர் அவருடைய சொந்த மகள் கொஸ்மா சிவா ஹாகன். ஆம், சிவா என்பது அவருடைய பெயரில் இருக்கிறது. சிற்றன்னையும் மகளுமாகத் திரையில் மோதுகிறவர்கள் நிசத்தில் பெற்ற தாயும் மகளும். மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு தாய்க்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது.

இரண்டாம் பாகத்தின் துணைத் தலைப்பையும் பாருங்கள். 'டெயர் வால்ட் இஸ்ற் நிஹ்ற் கெனூக்', காடு போதாது. ஜேம்ஸ் பொண்ட் படம் ஒன்றுக்கு டொச்சில் 'டீ வெல்ற் இஸ்ற் நிஹ்ற் கெனூக்', உலகம் போதாது என்று பெயர். 'வெல்ற்' இருந்த இடத்தில் 'வால்ட்'. அவ்வளவுதான் பகிடி. பொண்ட் படத்தைத் தெரிந்தவனுக்கு உடனே சிரிப்பு வரும். தெரியாதவனுக்கு அது வெறும் காடு.

ஆக, விமர்சகர்கள் சொன்னது பிழை அல்ல. சொல்விளையாட்டுத்தான். ஆனால் இந்த வகைப் பகிடிக்கு ஒரு முதல் வேண்டும். அந்த முதல் படத்தில் இல்லை, பார்க்கிறவரின் நினைவில் இருக்கிறது. சின்ன வயதில் அம்மம்மா மடியில் கேட்ட கதையை ஒருவர் தலைகீழாகச் சொல்லும்போதுதான் சிரிப்பு வரும். நேராகக் கேளாதவருக்குத் தலைகீழும் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் என் வீட்டிலேயே கண்டேன். 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' வந்தது. 'ஆனந்த விகடன்' இதழில் கருத்துப்படம் வரைந்த சிம்புதேவனின் முதல் படம். தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். வடிவேலு இரட்டை வேடம். தமிழ்நாட்டில் விமர்சகர்கள் இந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். சிரிப்புக்குள் அரசியல் எள்ளல் இருக்கிறது என்று எழுதினார்கள்.

தமிழ்க் கடையில் இறுவட்டை எடுத்து வந்து வீட்டில் போட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மகன் கேட்டான்: "அப்பா, இந்த ராசா ஏன் இப்பிடிக் கதைக்கிறார்?" "உனக்கு விளங்காது" என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. ரயிலில் கேட்ட அதே சொல். விழுங்கிவிட்டேன்.

படத்தை நிறுத்தினேன். எங்களுக்குப் பழைய ராசா படங்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது, அதில் எல்லாரும் இப்படித்தான் அடுக்குமொழியில் கதைப்பார்கள் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை 1958இல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தைப் போட்டுக் காட்டினேன். சிவாஜி கணேசன் நல்ல இளவரசனாகவும் கெட்ட அரசனாகவும், இரட்டைப் பிறவிகளாக நடித்த படம். பிறகு புலிகேசிக்குத் திரும்பினோம். இந்த முறை பிள்ளைகள் சிரித்தார்கள். 'அக்காமாலா', 'கப்சி' என்று இரண்டு குளிர்பானங்கள் வந்த இடத்தில் எனக்கு முன்னமே சிரித்தார்கள். கோலாவையும் பெப்சியையும் நான் விளங்கப்படுத்தத் தேவை இல்லையே.

அன்றைக்கு எனக்கு ஒன்று தோன்றியது. சிவாஜியையும் எம்.ஜி.ஆரையும் அறியாத ஒரு ஜேர்மன் விமர்சகர் புலிகேசியைப் பார்த்தால் என்ன எழுதுவார்? கூச்சல் கூடிய படம், துணுக்குகளின் கோவை என்றுதான் எழுதுவார். ஏழு குள்ளர்களைப் பற்றி நான் நினைத்ததும் அதுதானே! விமர்சகரும் ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். அந்த வீட்டில் கேட்ட கதைகளோடுதான் அவரும் படம் பார்க்கிறார்.

அதற்காக, நினைவு இருந்தால் எல்லாம் நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. அதே சிம்புதேவன் 2015இல் விஜய், ஸ்ரீதேவி நடிப்பில் 'புலி' எடுத்தார். மாயக் கோட்டை, குள்ள மனிதர்கள் என்று அம்புலிமாமாக் கதை போல ஒரு சாகசப் படம். பெரும்பாலான விமர்சகர்கள் ஏமாற்றம் என்று எழுதினார்கள். அம்புலிமாமா வாசித்து வளர்ந்த எனக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே விமர்சகரும் நானும் ஒரே பக்கம்.

முதலே தேவைப்படாத சிரிப்பும் உண்டு. நான் அகதி முகாமில் இருந்த ஒரு டிசெம்பர் மாதம், பொது அறைத் தொலைக்காட்சியில் ஒரு படம் போனது. 'ட்றை ஹாசல்நூஸ்ஸ ஃபூர் அஷன்புறோடல்'. சிண்டரெல்லா கதை. செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜேர்மனியும் சேர்ந்து 1973இல் எடுத்தது. வாக்லாவ் வொர்லிச்செக் இயக்கியது. இன்றுவரை ஒவ்வொரு நத்தாருக்கும் இங்கே காட்டுகிறார்கள். டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள மோரிற்ஸ்பேர்க் மாளிகையில் அதன் காட்சிகளை எடுத்தார்கள். பனிக்காட்டில் அந்தப் பெண் இளவரசன் மேல் பனி உருண்டையை எறிகிறாள், அவனுடைய குதிரையிலேயே ஏறி ஓடுகிறாள். அந்த அறையில் இருந்த தமிழர், குர்திஷ்காரர், ஈரானியர் எல்லாரும் சிரித்தோம். ஒருவருக்கும் டொச் தெரியாது. நோர்வேயில் இந்தப் படத்தின் எல்லா வசனங்களையும் ஒரே ஒரு ஆணின் குரலே வாசிக்கிறதாம். அங்கும் நத்தாருக்கு அது இல்லாமல் முடியாது. பனி உருண்டைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

ஆனால் நேயர்களே, வீட்டுக்குள் நடக்கும் சிரிப்பில் பாதிக்கு மேல் பனி உருண்டைச் சிரிப்பு அல்ல. அது முதல் வேண்டிய சிரிப்பு. பிள்ளைகள் ஒரு அறையில் டொச்சில் சிரிக்கிறார்கள், நாங்கள் இன்னொரு அறையில் தமிழில் சிரிக்கிறோம். தமிழ்ப் பாடசாலையில் அ, ஆ படிக்கலாம், இலக்கணம் படிக்கலாம். ஒரு பகிடி எதன்மேல் நிற்கிறது என்பதை வீட்டில்தான் படிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இருந்தும் அது வர வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தும் வர வேண்டும். நாங்கள் பிள்ளைகளிடம் படிக்க வெட்கப்படுவதுதான் கூடுதலான தடை என்று நினைக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் பேரப்பிள்ளைக்கு ஸ்னேவிற்ஷன் கதையைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கண்ணாடியிடம் அரசி கேட்கும் கேள்வியை நல்ல அடுக்குமொழியில், சிவாஜி மாதிரி. பேரப்பிள்ளைக்குப் பயம், மகளுக்குச் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

வருகிற விடுமுறையில் இரண்டு மாலைகளை ஒதுக்கிப் பாருங்கள். ஒரு மாலை, பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒரு பகிடிப் படத்தைப் போடட்டும். அதற்கு முன் அதன் மூலக்கதையை உங்களுக்குச் சொல்லட்டும். மற்ற மாலை உங்களுடையது. விமர்சகர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று பிறகு பார்க்கலாம்.