எபிசோட் 37: மரை போன சைலன்சர் ஸ்டட்

போன எபிசோட் கார்புரேட்டர் பத்தி பேசினோம். இன்னைக்கு நான் பண்ண ஒரு தப்பையும், அதை எப்படி சரி பண்ணேன் என்பதையும் சொல்லப் போறேன்.

பொங்கல் லீவுக்கு ஈரோடு பக்கம் எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவோட 100 சிசி ஏர்-கூல்டு வண்டியில ஆக்சிலேட்டர் விட்டதும் பட் பட்னு சத்தம். சைலன்சர் பைப் ஹெட்டோட சேர்ற இடத்துல கருப்பா புகைக்கரி. கேஸ் லீக்தான். ரெண்டு நட்டையும் டைட் வெச்சா முடிஞ்சதுன்னு நினைச்சேன். பெங்களூர்ல வாங்கின நீளமான ராட்செட்டை எடுத்தேன். ஒரு நட்டு நின்னுடுச்சு. இன்னொண்ணு சுத்திக்கிட்டே போச்சு, திடீர்னு லேசாயிடுச்சு. கழட்டிப் பார்த்தா ஸ்டட் கையோட வந்துடுச்சு. அதோட மரையில அலுமினியம் சுருள் சுருளா ஒட்டியிருந்தது. ஹெட்ல இருந்த மரை மொத்தமும் வெளியே வந்துடுச்சு.

அன்னைக்கு ஞாயிறு. மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு அப்பா அந்த வண்டியிலதான் மில்லுக்குப் போகணும்.

ஏன் இப்படி ஆகுது? ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. சூடானா அலுமினியம் இரும்பைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். தினமும் சூடாகி, ஆறி, துருவும் ஏறி, மரை ஏற்கெனவே பலம் இழந்திருக்கும். 6 மிமீ ஸ்டட்டுக்குத் தேவையான முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். 15 செமீ ஸ்பேனர்ல அது ஏறக்குறைய 7 கிலோ அழுத்தம். 30 செமீ கைப்பிடின்னா மூணரை கிலோ போதும். நான் எவ்வளவு கொடுத்தேன்னு எனக்கே தெரியாது.

உடனே தோணுறது எம்-சீல். வேண்டாம். அந்த இடத்துச் சூட்டுக்கு சாதாரண எபாக்சி நிக்காது. அடுத்தது 8 மிமீ டேப் போட்டு பெரிய ஸ்டட் மாட்டுறது. அது வேலை செய்யும். ஆனா பைப் ஃபிளேஞ்ச் ஓட்டை 6 மிமீ ஸ்டட்டுக்கானது. அதனால ஒரு பக்கம் 8, மறுபக்கம் 6 உள்ள ஸ்டெப் ஸ்டட் கடைஞ்சு வாங்கணும். மூணாவது ஹெலிகாய்ல். ஸ்டெயின்லெஸ் கம்பியில செஞ்ச ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள். வெளிப்பக்கம் ஹெட்டைப் பிடிக்கும், உள்பக்கம் அதே 6 மிமீ மரை. அதுக்கான டேப் சுமார் 7.3 மிமீதான் வெட்டும். அதனால 8 மிமீயைவிடக் கொஞ்சமா உலோகம் போகும். பழைய ஸ்டட் அளவும் அப்படியே இருக்கும்.

கிட்டு என்கிட்ட இருந்துச்சு. பிரச்னை டிரில்லிங். கோட்ல தப்பு பண்ணா கன்ட்ரோல் இசட் இருக்கு, ஹெட்ல கிடையாது. ஓட்டை சாய்ஞ்சா ஃபிளேஞ்ச் ஏறாது. ஆழம் அதிகமானா போர்ட்டுக்குள்ள போயிடும். பழைய இரும்புக் கடையில ஒரு உடைஞ்ச ஹெட் வாங்கி ஒத்திகை பார்த்தேன். முதல் ஓட்டையே கோணல்.

அப்புறம் எங்க தெரு லேத்துப் பட்டறை அண்ணன் வீட்டுக்குப் போய் நின்னேன். ஃபிளேஞ்சை வாங்கிப் பார்த்துட்டு சொன்னார்: "தம்பி, கையை நம்பாதே. பக்கத்து ஸ்டட்டை நம்பு." ஒரு கனமான இரும்புத் தகட்டுல, ஃபிளேஞ்ச் அளவு பார்த்து ரெண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஒண்ணு நல்லா இருக்கிற ஸ்டட்ல மாட்டி நட்டு போட. இன்னொண்ணு 6.3 மிமீ, அது டிரில் பிட்டுக்கு வழிகாட்டி. தகடு ஹெட் முகத்துல தட்டையா உட்கார்ந்தா, பிட் நேராத்தான் போயாகணும்.

இனி வரிசையா சொல்றேன். பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்ல நிறுத்தினேன், அப்போ வால்வு மூடியிருக்கும். போர்ட்டுல கிரீஸ் தடவின துணியை அடைச்சேன். பழைய ஓட்டையின் ஆழத்தை அளந்து, பிட்ல டேப் ஒட்டி அடையாளம் வெச்சேன். மெதுவான ஸ்பீடுல டிரில். அப்புறம் தகட்டை எடுத்துட்டு, மண்ணெண்ணெய் விட்டு மரை வெட்டினேன். அரை சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. அடிக்கடி வெளியே எடுத்து பிசிறைத் துடைக்கணும். அவசரப்பட்டு டேப் உள்ள உடைஞ்சா, அதை எடுக்கிறது இதைவிடப் பெரிய கதை.

சுருளை ஏத்தும்போது அழுத்தக் கூடாது, சுத்தினா தானா இறங்கும். முகத்துக்கு அரைச் சுத்து கீழ நிக்கணும். அடியில இருக்கிற சின்ன நாக்கை உடைச்சு, ட்வீசரால வெளியே எடுத்துடணும். புது ஸ்டட்ல ரெண்டு நட்டை ஒண்ணோட ஒண்ணு லாக் பண்ணி, அதை வெச்சு ஏத்தினேன். நட்டு ஏறுற மரையில காப்பர் பேஸ்ட் தடவி, புது கேஸ்கெட் போட்டு, ரெண்டு நட்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். இந்த முறை டார்க் ரெஞ்ச்ல. வண்டியை ஓட்டி, முழுசா ஆற விட்டு, மறுபடி ஒரு தடவை செக் பண்ணேன்.

ராத்திரி பதினொண்ணு. சத்தம் போயிடுச்சு. அப்பாகிட்ட சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனா தினமும் ஓட்டுறவருக்கு எங்கே கை வெச்சிருக்குன்னு தெரியணுமில்ல, சொல்லிட்டேன். அவர் தன் டூல் பையைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காட்டினார். விரல் நீளம்தான், பாதியில அறுத்தது. "இதை எதுக்கு அறுத்து வெச்சிருக்கேன்னு நீ கேட்டதே இல்லையே"ன்னார்.

கிட்டு வாங்குறவங்க கவனிங்க: மரை அளவு, பிட்ச் ரெண்டும் உங்க ஸ்டட்டோட ஒத்துப் போகணும். டார்க் அளவை உங்க வண்டி மேனுவல்ல பாருங்க. ஓட்டை போடுறதுல சந்தேகம் இருந்தா ஹெட்டைக் கழட்டி லேத்துக்கே கொடுத்துடுங்க.