திருக்கயிலை மலையின் இயல்பு



கயிலையை இமயத்தின் ஒரு சிகரமென்றே பலர் எண்ணுவர். உண்மையில் அது இமயத்திற்கு வடக்கே, திபெத்தின் தென்மேற்கில், கங்திசே என்னும் தனித்தொடரில் நிற்பது. உயரம் 6,638 மீட்டர். எவரெஸ்டை நோக்க 2,200 மீட்டர் தாழ்ந்ததே. எனினும் அருகில் தனக்கு நிகரில்லாது ஓங்கி நிற்கிறது. அதன் உச்சியில் மனிதர் அடிவைத்ததாகப் பதிவில்லை.

சிந்து, பிரமபுத்திரா, சட்லெஜ், கர்னாலி ஆகிய நான்கு பேராறுகளும் இம்மலையைச் சூழ்ந்த பகுதியிலேயே பிறந்து நான்கு வேறு திசைகளிற் செல்கின்றன. கர்னாலியின் நீர் முடிவில் கங்கையை அடைகிறது. தெற்கே 4,590 மீட்டர் உயரத்தில் மானசரோவரம் நன்னீர் ஏரியாய் விளங்க, அடுத்துள்ள இராட்சச தாலமோ உவர்ப்புடையது.

1936-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு நிலநூல் அறிஞர் அகஸ்டோ கான்சர், யாத்திரிகர் வேடத்தில் சென்று இம்மலையை ஆராய்ந்தார். அசையாத மலை என்று போற்றப்படும் இது, ஆறுகள் உருட்டி வந்த கூழாங்கற்களும் மணலும் படிந்து இறுகிய திரள்பாறையாகும்! ஏறத்தாழ 2½ கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தவை அவை. அடியில் இருப்பது அவற்றினும் பழைய கிரானைட்டுப் பாறை. தெற்கே சிறிது தொலைவில் பண்டைக் கடலின் அடித்தளப் பாறைகளும் கிடைக்கின்றன. பாரத நிலப்பரப்பு ஆசியாவோடு மோதியபோது மறைந்த கடலின் எச்சங்கள் அவை. நிலம் இவ்வளவு நெருக்குண்டும் கயிலையின் அடுக்குகள் பெரிதும் கிடையாகவே அமைந்துள்ளன. அவற்றின் விளிம்புகளில் வெண்பனி தங்குவதால், தென்முகம் பல நிலைகளையுடைய விமானம் போலத் தோன்றுகிறது.

தென்மேற்குப் பருவ மேகங்களை இமயம் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆதலின் இங்கு மழை குறைவு, வெயில் கடுமை, இரவிற் குளிர் அதனினும் கடுமை. குளிர்காலத்தில் மானசரோவரமும் உறைந்து போகும்.

மலையை வலம்வரும் பாதை 52 கிலோமீட்டர். அதில் தோல்மா கணவாய் 5,630 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சிற் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் பாதியே. தலைவலியும் குமட்டலும் முதலில் தோன்றும்; பொருட்படுத்தாது மேலேறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே கேடாகும். முதன்மையான சிகிச்சை உடனே கீழிறங்குதல். ஆனால் வலத்தை முடித்தே தீர்வதென்னும் வைராக்கியம் இறங்க விடுவதில்லை. கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்த பின்னரும் நில்லாத திருநாவுக்கரசரையே இறைவன் திருப்பியனுப்பித் திருவையாற்றிற் கயிலைக்காட்சி நல்கினான் என்பது பெரிய புராணம். அதனை அன்பர்கள் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

2020-ஆம் ஆண்டு முதல் தடைப்பட்டிருந்த இந்திய அரசின் யாத்திரை 2025-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கிற்று. லிபுலேக் கணவாய் வழியே செல்வோர்க்குத் தில்லியில் ஒருமுறையும் குஞ்சி என்னும் மலையூரில் மறுமுறையும் மருத்துவப் பரிசோதனை உண்டு. குஞ்சியில் தேறாதவர் அங்கிருந்தே திரும்புகின்றனர்.