ஆவணம் கேட்காத சபை: மோர்மன் வார்டுகளும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும்

  

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை உலகம் மோர்மன் சபை என்று அறியும். அமெரிக்காவில் உரிய ஆவணங்கள் இல்லாமல் வாழும் தன் உறுப்பினர்களை அந்தச் சபை எப்படி நடத்துகிறது, ஏன் அப்படி நடத்துகிறது என்பதில் எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. உங்களில் பலர் கருத்தரங்குகளில் அதைக் கேட்டிருப்பீர்கள். அச்சில் வரப்போகும் உரை என்பதால் அதை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

நண்பர்களில் ஒரு சாரார் எல்லாவற்றுக்கும் 1847ஆம் ஆண்டைக் காட்டுவார்கள். இல்லினாயிலிருந்து துரத்தப்பட்ட மோர்மன்கள் பிரிகம் யங் தலைமையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இறங்கியபோது அது மெக்சிகோவின் மண். யாரிடமும் அனுமதி பெறாமல் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் குடியேறிகளிடம் இரக்கம் காட்டுவது இயல்பு என்பது அவர்கள் வாதம். மனத்துக்கு இதமான வாதம், ஆனால் நிற்காது. 2010இல் அரிசோனாவில் வந்த எஸ்.பி. 1070 என்ற கடுமையான குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்த ரஸ்ஸல் பியர்ஸ், மெசா நகரத்து மோர்மன். அவருக்கும் அதே சபைதான், அதே நினைவுதான். நினைவு மட்டுமே இரக்கத்தைத் தந்துவிடும் என்றால் அவரிடமும் தந்திருக்க வேண்டும்.

மற்றொரு சாரார் இந்தச் சபை இரட்டை வேடம் போடுவதாகக் குற்றம் சாட்டுகிறார்கள். 1982இல் அரிசோனாவின் டூசான் நகரில் ஜான் ஃபைஃப் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் தம் ஆலயத்தை அகதிகளுக்கு அடைக்கலமாக வெளிப்படையாக அறிவித்தார். மதத்தின் பதில் என்றால் அதுதான் என்பது இவர்கள் அளவுகோல். மோர்மன் ஆலயத்தில் யாரும் ஒளித்துவைக்கப்படவில்லை. ஆகவே அங்கே பதிலே இல்லை என்கிறார்கள்.

இரு சாராரும் பார்க்கத் தவறிய ஆண்டு 1890. பலதார மணத்தை விடமாட்டோம் என்று மோர்மன்கள் அமெரிக்க அரசோடு ஒரு தலைமுறைக் காலம் மோதினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறை சென்றார்கள். 1887இல் எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது; வறிய மோர்மன்கள் கடல் கடந்து வர உதவிய குடியேற்ற நிதியையும் கலைத்தது. 1890இல் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பணிந்தார். சட்டத்தை மீறி ஒரு சபை எதை இழக்கும் என்பதைச் சொந்த உடம்பில் அறிந்த நிறுவனம் இது. சட்டத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பன்னிரண்டாவது விசுவாசப் பிரமாணம் 1842லேயே எழுதப்பட்டது என்றாலும், அதற்கு எலும்பும் தசையும் வந்தது 1890க்குப் பிறகுதான். அதன்பின் மனசாட்சியும் சட்டமும் மோதினால் இந்தச் சபை சட்டத்தை மீறுவதில்லை. சட்டத்துக்குள் ஓர் இடைவெளி தேடுகிறது. இடைவெளி இல்லையென்றால் அதை உண்டாக்கப் பார்க்கிறது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம். நண்பர்கள் அதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். இன்று அதை விரிவாகவே சொல்கிறேன்.

மோர்மன் வார்டு என்பது சில நூறு பேர் கொண்ட சிறு சபை. அதன் ஆயர் சம்பளம் வாங்காதவர். வார நாள்களில் பல் மருத்துவராகவோ தச்சராகவோ இருப்பார். ஸ்பானிஷ் மொழி வார்டுகளில் ஆவணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கு வருபவரிடம் ஆயர் விசா கேட்பதில்லை. ஆவணமற்றவர் வார்டில் பொறுப்பு வகிக்கலாம், ஆலயத்துக்குள் போகலாம். அப்படியானால் அவருடைய மகன் என்ன செய்வான்? அன்றைய விதிப்படி பத்தொன்பது வயதான மோர்மன் இளைஞன் ஈராண்டு ஊழியத்துக்குப் போக வேண்டும். வெள்ளைச் சட்டை, மார்பில் பெயர்ப் பட்டை, உடன் ஒரு தோழர். சால்ட் லேக்கிலிருந்து அழைப்புக் கடிதம் வரும் நாள் அந்த வீட்டில் திருநாள். கைக்குழந்தையாக எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட பையனும் அந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருப்பான்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஆவணமற்றவர் என்று தெரிந்தே ஒருவருக்குத் தங்க இடம் கொடுப்பதும், வண்டியில் ஏற்றிச் செல்வதும், நாட்டில் தங்க ஊக்குவிப்பதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆதாய நோக்கம் இல்லாவிட்டாலும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஊழியக்காரனுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் வேறு ஊருக்கு அனுப்புவதும் சபையின் வேலை. அழைப்புக் கடிதமே குற்றத்துக்குச் சான்றாகிவிடக்கூடும்.

யூட்டா மாநிலத்தின் அன்றைய செனட்டர் ராபர்ட் பென்னட் மோர்மன். சபைத் தலைவராக இருந்த ஹீபர் கிராண்டின் மகள்வழிப் பேரன். 2005 நவம்பரில் நிறைவேறிய வேளாண்மைத் துறை நிதி மசோதாவுக்குள் அவர் ஒரு சிறு பிரிவைச் சேர்த்தார். ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் ஆவணமற்ற ஒருவரைச் சம்பளமில்லாத ஊழியக்காரராகச் சபை அழைக்கலாம். உணவு, உறைவிடம், பயணம், மருத்துவம் தரலாம். அவர் குறைந்தது ஓராண்டாக அந்தச் சபையின் உறுப்பினராக இருக்க வேண்டும். நாட்டுக்கு வெளியிலிருந்து வரவழைக்கக் கூடாது. பிரிவு அவ்வளவுதான். எல்லா மதங்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டாலும், அதன் ஒவ்வொரு நிபந்தனையும் மோர்மன் இளைஞனின் ஈராண்டு ஊழியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது.

அடுத்த மாதமே பிரதிநிதிகள் சபை, ஆவணமற்றோருக்கு உதவுவதை இன்னும் கடுமையான குற்றமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2006 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் கார்டினல் ரோஜர் மஹோனி, அது சட்டமானால் மீறுமாறு தம் குருக்களிடம் சொல்வேன் என்று அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் அதை எழுதின. என் நண்பர்களும் எழுதினார்கள். அந்த மசோதா சட்டமாகவில்லை. பென்னட்டின் பிரிவோ இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இதைப் பதில் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதன் குறையையும் மறைக்க மாட்டேன். அந்தப் பிரிவு காப்பது சபையை, பையனை அன்று. 2009இல் ஊழியம் முடித்து வீடு திரும்பவிருந்த ஓர் இளைஞர் சின்சினாட்டி விமான நிலையத்தில் பிடிபட்டார். அவரை அழைத்தவர்கள்மேல் குற்றமில்லை. அவருக்கோ எந்தப் பாதுகாப்பும் இல்லை. 1890இன் பாடம் நிறுவனத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்தது. உறுப்பினரைக் காப்பாற்ற அது போதாது. நண்பர்களின் கோபத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில். இரட்டை வேடம் என்பது தவறான குற்றச்சாட்டு. அரைகுறைக் காவல் என்பதே சரியான குற்றச்சாட்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 நவம்பரில் குடியேற்றம் குறித்து யூட்டாவின் பல தரப்பினர் கையெழுத்திட்ட ‘யூட்டா உடன்படிக்கை’யைச் சபை ஆதரித்தது. 2011 மார்ச்சில் ஆவணமற்ற தொழிலாளருக்கு மாநிலமே அனுமதி வழங்கும் சட்டத்தில் ஆளுநர் ஹெர்பர்ட் கையெழுத்திட்டபோது சபையின் தலைமை ஆயர் அருகில் இருந்தார். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. 2011 ஜூனில், வெறும் அமலாக்கத்தை மட்டும் கொண்ட மாநிலச் சட்டங்கள் போதா என்று சபை அறிக்கை விட்டது. அதே அறிக்கை ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைவதை ஆதரிக்கவில்லை என்றும் சொன்னது. அவ்வாண்டு நவம்பரில் மெசா வாக்காளர்கள் பியர்ஸைத் திரும்ப அழைத்து ஜெர்ரி லூயிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் மோர்மன். 2018இல் எல்லையில் குடும்பங்களைப் பிரிப்பதைச் சபை கண்டித்தது. அதே ஆண்டு நாடுகடத்தலுக்கு அஞ்சிய ஹோண்டுராஸ் தாய் ஒருவருக்கும் அவர் மகள்களுக்கும் சால்ட் லேக் நகரிலேயே அடைக்கலம் கொடுத்தது யூனிடேரியன் ஆலயம். அவர்கள் 2021 வரை அங்கே இருந்தார்கள்.

2025 சனவரியில், ஆலயங்களுக்குள் கைது நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்திய பழைய வழிகாட்டுதலைப் புதிய அரசு நீக்கியது. அந்த மாதமே மோர்மன் சபை அண்டையரை நேசித்தல், சட்டத்துக்குக் கீழ்ப்படிதல், குடும்பங்கள் பிரியாதிருத்தல் ஆகிய தன் பழைய நிலைப்பாட்டை மறுபடி சொன்னது. பிப்ரவரியில் மென்னோனைட் சபை முதலான 27 மத அமைப்புகள் வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தன. மோர்மன் சபை அவற்றில் இல்லை. 1890ஐ மறந்தவர்களுக்கே அது வியப்பளிக்கும்.

செய்ய வேண்டிய வேலை மிகுதி. மாதந்தோறும் உபவாசமிருந்து உறுப்பினர்கள் தரும் காணிக்கையிலிருந்து, வேலையிழந்த ஆவணமற்ற குடும்பத்துக்கு ஆயர் வாடகை கொடுக்கும் முறை தனி ஆய்வுக்குரியது. பெண்களின் ஒத்தாசைச் சங்கத்தில், தந்தை பிடிபட்ட வீட்டுக்கு யார் சோறு கொண்டுபோகிறார்கள் என்பதை யாரும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். நாடுகடத்தப்பட்டு மெக்சிகோ வார்டுகளுக்குத் திரும்பியவர்கள், அறிக்கைகளின் ஸ்பானிஷ் வடிவங்கள், ஆயருக்கு ஆயர் மாறும் வழக்கங்கள் என்று பட்டியல் நீளும். நேரமில்லை.

ஸ்பானிஷ் தெரியாமல் இவற்றில் ஒன்றையும் தொட முடியாது. நம் துறையில் அந்த மொழி கற்பிக்க ஓர் இடம் ஏற்படுத்தித் தருமாறு துணைவேந்தர் அவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.